2037 சேலம்: இணையக் குற்றப் புலனாய்வு நாவலில் போலீஸ் நடைமுறை சரியாக வர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

அஸ்தம்பட்டி வாசகி (கேள்வி)

எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் காலம் 2037. களம் சேலம் மாநகரமும் ஏற்காடும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரி ஒருவருக்கு இரவு 9 மணி வாக்கில் வீடியோ அழைப்பு வருகிறது. பேசுவது பெங்களூரில் இருக்கும் மகன். முகம், குரல், பேச்சுப் பழக்கம் எல்லாம் அவனேதான். வெள்ளிக் கட்டி வாங்க உடனே பணம் கட்டவேண்டும் என்கிறான். அப்பா 48 லட்சம் அனுப்பிவிடுகிறார். அழைத்தது மகன் இல்லை. கும்பலின் இயந்திரங்கள் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட் பங்களாவில் ஓடுகின்றன. கதாநாயகி சைபர் க்ரைம் எஸ்.ஐ., அவரே விசாரணை அதிகாரி.

மூன்று இடங்களில் உதவி வேண்டும். புகார் வந்த முதல் சில மணி நேரத்தில் உண்மையில் என்ன நடக்கும்? ஐ.பி. முகவரியிலிருந்து மலைமேல் இருக்கும் பங்களா வரைக்கும் போகிற வழி என்ன, அது எங்கெங்கே அறுந்துபோகும்? சோதனைக்குப் போகும்போது போலீஸ் எதைக் கெடுத்துவிடக் கூடும்? இவற்றில் எது 2037 வரை நிற்கும், எது மாறும் என்றும் சொல்லுங்கள். நாலு பட்டன் தட்டியதும் திரையில் வீட்டு முகவரி வந்து விழுகிற காட்சி வேண்டாம்.

---

லீன்_மார்க்

முதலில் பணம். இந்த மாதிரி வழக்கில் குற்றவாளியைத் தேடுவதும் பணத்தைத் தேடுவதும் இரண்டு தனி ஓட்டம். பணத்துக்கான ஓட்டம் நிமிடக் கணக்கு, ஆளுக்கான ஓட்டம் வாரக் கணக்கு. இந்த இரண்டையும் ஒரே வேகத்தில் எழுதினால் கதை பொய்யாகத் தெரியும்.

இன்றைய நடைமுறை: பாதிக்கப்பட்டவர் 1930-க்கு அழைக்கிறார், அல்லது தேசிய சைபர் க்ரைம் இணையதளத்தில் பதிகிறார். எடுப்பவர் கேட்பது நாலே விஷயம்: எந்த வங்கிக் கணக்கு, எவ்வளவு தொகை, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன. யு.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ். என்றால் 12 இலக்க எண். ஆர்.டி.ஜி.எஸ். என்றால் 22 எழுத்து யு.டி.ஆர். இந்த எண்ணில் ஒரு எழுத்து தப்பினாலும் டிக்கெட் (புகார்ப் பதிவு) தேங்கி நிற்கும். வியாபாரி பதற்றத்தில் படித்துச் சொல்லும்போது பூஜ்யமும் 'ஓ'வும் மாறிப்போவதை ஒரு காட்சியாகவே வைக்கலாம்.

டிக்கெட் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குப் போகும். அங்கே பணம் இருந்தால் அந்தத் தொகைக்கு லீன் விழும், அதாவது யாரும் எடுக்க முடியாதபடி வங்கி பிடித்துவைக்கும். கிளம்பிப் போயிருந்தால், எந்தக் கணக்குக்குப் போனது என்று அந்த வங்கி பதில் எழுதும், டிக்கெட் அடுத்த வங்கிக்கு நகரும். இப்படி அடுக்கு அடுக்காக. முதல் கணக்கு பெரும்பாலும் வேறு மாநிலத்தில் ஒரு பெயர்ப்பலகைக் கம்பெனியின் கரண்ட் அக்கவுண்ட். அங்கிருந்து சில நிமிடத்தில் பத்து இருபது சிறு கணக்குகளாகப் பிரியும். மூன்றாவது அடுக்கில் ஏ.டி.எம்., காசோலை, நகைக்கடை, அல்லது டாலர் மதிப்போடு பிணைத்த கிரிப்டோ நாணயம். வங்கி மூடியிருக்கும் என்று எழுதிவிடாதீர்கள். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும் இரவு பகல் ஓடுகின்றன. அதனால்தான் இரவு 9 மணி கும்பலுக்கு வசதி. பணம் ஓடும், ஆனால் கிளை மேலாளர் வீட்டில் இருப்பார்.

உங்கள் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. புதிதாகச் சேர்த்த பெயருக்கு இரவோடு இரவாக 48 லட்சம் போகாது. புதுப் பெனிஃபிஷியரிக்குப் பல வங்கிகளில் முதல் 24 மணி நேரம் தொகை வரம்பு உண்டு. யு.பி.ஐ.யில் சாதாரண வரம்பு நாளுக்கு 1 லட்சம். ஆகவே ஏமாற்று மூன்று நாள் முன்பே தொடங்கட்டும். வழக்கமாக வெள்ளிக் கட்டி அனுப்பும் சப்ளையர் பெயரில் 'கணக்கு எண் மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் வரட்டும். கணக்குப்பிள்ளை அதைப் பதிந்து வைக்கட்டும். வீடியோ அழைப்பு கடைசித் தள்ளுதான். வியாபாரியின் கணக்கில் ஒருவர் பதிந்து இன்னொருவர் ஒப்புதல் கொடுக்கும் முறை இருந்தால், ஒப்புதல் யார் கையில் என்பது தனிச் சிக்கல். மகனே ஒப்புதல் தருபவர் என்று வைத்தால் சந்தேகம் அவன்மேலும் விழும்.

இன்னொன்று, இதை யாரும் கதையில் எழுதுவதில்லை. நாலாவது அடுக்கில் பணம் உண்மையான வியாபாரிக்கும் போகும். கும்பல் ஆத்தூர்ப் பக்கத்து மில்லில் 3,80,000 ரூபாய்க்கு ஜவ்வரிசி வாங்கி, வேறு ஊரில் ரொக்கத்துக்கு விற்றுவிடும். மில்காரர் சரக்கு அனுப்பிய பில்லும் லாரி ரசீதும் கையில் வைத்திருப்பார், ஆனாலும் அவர் கணக்கில் லீன் விழும். சில சமயம் தொகைக்கு மட்டும் விழாமல் முழுக் கணக்கும் முடங்கும். கிழங்குக்காரருக்குக் கொடுத்த காசோலை திரும்பும், கூலி நிற்கும். குற்றமே செய்யாதவர் சைபர் ஸ்டேஷன் வாசலில் பில் கட்டோடு நிற்பது இன்றைக்கே நடக்கிற அநியாயம். உங்கள் கதாநாயகி எப்படிப்பட்டவர் என்பதை அவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் காட்டலாம்.

---

மகஜர்

சட்டப் பக்கம். கதாநாயகி எஸ்.ஐ. என்றால் விசாரணை அதிகாரியாக இருக்க முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 78-ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றத்தை இன்ஸ்பெக்டருக்குக் குறையாதவர்தான் விசாரிக்கவேண்டும். முதலில் அது டி.எஸ்.பி. ஆக இருந்தது, 2008 திருத்தத்தில் இன்ஸ்பெக்டர் ஆனது. எஸ்.ஐ. விசாரித்து இறுதி அறிக்கை போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். இரண்டு வழி: அவரை இன்ஸ்பெக்டர் ஆக்குங்கள், அல்லது 2037-க்குள் சட்டம் எஸ்.ஐ. வரை இறங்கியதாக ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மூன்றாவது வழியும் உண்டு, கதைக்கு அதுவே நல்லது. வேலை முழுக்க எஸ்.ஐ. செய்வார், கையெழுத்து இன்ஸ்பெக்டருடையது. அந்த உறவில் நிறைய உரசல் இருக்கிறது.

எல்லை விஷயம் அதைவிட முக்கியம். செவ்வாய்ப்பேட்டை சேலம் மாநகரக் கமிஷனர் எல்லை. ஏற்காடு ஸ்டேஷன் சேலம் மாவட்ட எஸ்.பி. எல்லை. இரண்டு பக்கமும் தனித்தனி சைபர் க்ரைம் ஸ்டேஷன். புகார் மாநகரத்தில், சோதனை மாவட்டத்தில். மாநகர டீம் மலையேறும்போது உள்ளூர் ஸ்டேஷனுக்கு எப்போது சொல்வது என்பது பெரிய முடிவு. முன்னாடியே சொன்னால் விஷயம் கசியலாம், சொல்லாமல் போனால் உள்ளூர் ஆள்பலம் கிடைக்காது. வழக்கை எங்கே நடத்துவது என்பதில் குழப்பம் இல்லை. மின்னணுத் தொடர்பு வழியாக ஏமாற்றினால், செய்தி அனுப்பிய இடத்திலும் வந்துசேர்ந்த இடத்திலும் விசாரிக்கலாம் என்று பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 202 சொல்கிறது.

பிரிவுகள்: ஐ.டி. சட்டம் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி). இரண்டுக்கும் மூன்று வருடம், 1 லட்சம் வரை அபராதம். இதோடு பி.என்.எஸ். (பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 318(4), இதில்தான் ஏழு வருடம் வருகிறது. அந்த ஏழு வருடத்தால் பி.என்.எஸ்.எஸ். 176(3) உள்ளே வரும். அதாவது ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும், அதை வீடியோ எடுக்கவேண்டும். சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுப்பது 105-ஆம் பிரிவில் தனியாகவே கட்டாயம். இவை 2024 ஜூலை 1 முதல் அமலில் இருப்பவை. பழைய நாவல்களைப் பார்த்து 420, 65பி என்று எழுதிவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்கும் 65பி இப்போது புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியத்தில் 63. சான்றிதழ் இரண்டு பாகம்: பொருளை வைத்திருந்தவர் ஒரு பாகம், நிபுணர் ஒரு பாகம். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும், விரல்ரேகை போன்ற எண்) எழுதவேண்டும்.

புகார் எப்படி எஃப்.ஐ.ஆர். ஆகிறது என்பதில் 2037-க்கு நல்ல விதை இருக்கிறது. 2025 மே மாதம் டெல்லியில் சோதனையாக ஒரு ஏற்பாடு வந்தது. 10 லட்சத்துக்கு மேல் பணம் போன 1930 புகார் தானாகவே ஜீரோ எஃப்.ஐ.ஆர். (ஸ்டேஷன் எல்லை பார்க்காமல் பதிவது) ஆகும். புகார்தாரர் மூன்று நாளுக்குள் ஸ்டேஷனுக்கு வந்து அதை முழு எஃப்.ஐ.ஆர். ஆக்கவேண்டும். உங்கள் சேலத்தில் அது எல்லாத் தொகைக்கும் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், காலையில் ஸ்டேஷன் திறக்கும்போதே நூற்றுக்கணக்கான வழக்கு வரிசையில் நிற்கும். வழக்கைப் பதிய மறுப்பது இன்றைய கதைகளின் சண்டை. 2037-ல் வழக்குகளில் எதைக் கையில் எடுப்பது என்பதுதான் சண்டையாக இருக்கும்.

---

பாக்கெட்_443

ஐ.பி. வழியைப் பார்ப்போம்.

அழைப்பு செயலி நிறுவனம் உள்ளடக்கத்தைத் தராது. முனைக்கு முனை மறைகுறியாக்கம் இருப்பதால் அவர்களிடமே அது இல்லை. தருவது: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, எந்த எண்ணில், எந்தெந்த ஐ.பி.யிலிருந்து எத்தனை மணிக்கு உள்ளே வந்தது. இந்த நேரம் பெரும்பாலும் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) இருக்கும். வங்கிப் பதிவோ இந்திய நேரம். இரண்டுக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். கணக்கு 14-ஆம் தேதி 18:47:12 யு.டி.சி.க்குத் தொடங்கியது என்றால், நம் கணக்கில் 15-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12:17:12. மணி மட்டும் அல்ல, தேதியும் மாறுகிறது. மாற்றாமல் அப்படியே தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குக் கடிதம் போனால் பதில் வரும், முழு முகவரியோடு வரும். அது வேறொருவர் முகவரியாக இருக்கும். பதிலில் 'தவறு' என்று எங்கேயும் எழுதியிருக்காது. தப்பான வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு இதைவிட நம்பத்தகுந்த காரணம் கிடையாது.

அடுத்தது பங்கிடப்பட்ட ஐ.பி. மொபைல் நெட்வொர்க்கில் ஒரு பொது ஐ.பி.வி4 முகவரியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவார்கள். பிரிப்பது போர்ட் எண்ணை வைத்து. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட். முதல் 1,024-ஐ ஒதுக்கிவிட்டு மீதியை ஆளுக்கு 512 என்று பிரித்தால் 126 பேர். ஆக, கடிதத்தில் ஐ.பி., போர்ட், நொடி வரைக்கும் நேரம், நேர மண்டலம் நான்கும் இருந்தால் ஒரு ஆள் கிடைப்பார். போர்ட் விட்டுப்போனால் 126 பேர் பட்டியல். சில செயலிகள் போர்ட்டைப் பதிவே செய்வதில்லை. அப்போது அந்த 126 பேரில் ஏற்காடு செல் (ஒரு டவர் ஆன்டெனா கவனிக்கும் பகுதி) பயன்படுத்தியவர் யார், அதே நேரத்தில் செயலி சர்வரோடு பேசியவர் யார் என்று சலிக்கவேண்டும். ஐ.பி.வி6 என்றால் இந்தத் தொல்லை குறைவு. முகவரியின் பின்பாதி மாறிக்கொண்டே இருக்கும், முன்பாதி சந்தாதாரரைக் காட்டிக்கொடுக்கும்.

கும்பல் வி.பி.என். (உண்மையான ஐ.பி.யை மறைக்கும் இடைவழி) போட்டிருக்கும், அதன் சர்வர் வெளிநாட்டில் இருக்கும். ஐந்து வருடம் வாடிக்கையாளர் விவரம் வைத்திருக்கவேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டதும், சில வி.பி.என். நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வரையே எடுத்துவிட்டன. ஆக அந்த வழி அடைபட்டது. எங்கே திறக்கும்? ஏற்காட்டில் கோடை இடி மழை, மின்சாரம் போகிறது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்குள் ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழும். ஃபைபர் இன்னும் வரவில்லை, கம்ப்யூட்டர் தானாக 4ஜி டாங்கிளுக்குத் தாவுகிறது. வி.பி.என். அறுந்தால் இணையத்தையே நிறுத்தும் அமைப்பை ஃபைபர் இணைப்புக்கு மட்டும் போட்டு, டாங்கிளுக்குப் போட மறந்திருந்தால், செயலி முப்பது நாற்பது நொடி நேரடியாக வெளியே பேசிவிடும். அந்த ஒரு வரிதான் பதிவில் இந்திய ஐ.பி.யாக நிற்கும். மீதி ஆயிரம் வரியும் வெளிநாடு. ஆயிரத்தில் ஒன்றைக் கண்டுபிடிப்பது எஸ்.ஐ.யின் வேலை. அந்த நொடியில் மலையில் மின்சாரம் போனதா என்று மின்வாரியத் துணைமின் நிலையப் பதிவோடு ஒப்பிட்டால் தடயம் உறுதியாகும்.

டவர் விஷயத்தில் மலை ஒரு விளையாட்டு காட்டும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,515 மீட்டர். லேடீஸ் சீட் பக்கம் ஓரத்தில் நிற்கும் டவர் ஒன்றின் சிக்னல் தடையில்லாமல் சமவெளிவரை இறங்கும். நேர்கோட்டில் ஊர் நடு வரைக்கும் 15 கிலோமீட்டர்தான். அதனால் அஸ்தம்பட்டி மொட்டைமாடியில் இருக்கும் போன் ஏற்காட்டு செல்லைப் பிடிக்கக்கூடும், மலை விளிம்பில் இருக்கும் போன் சேலம் டவரைப் பிடிக்கக்கூடும். சி.டி.ஆரில் (அழைப்புப் பதிவில்) செல் ஐ.டி. மட்டும் வரும், அதை வைத்து 'ஆள் மலைமேல் இருந்தான்' என்று எழுதினால் நீதிமன்றத்தில் நிற்காது. நெட்வொர்க்கின் உள்பதிவில் தூரக் கணிப்பு ஒன்று உண்டு. எல்.டி.இ.யில் (4ஜி) ஒரு படி சுமார் 78 மீட்டர், பழைய ஜி.எஸ்.எம்.மில் (2ஜி) சுமார் 550 மீட்டர். படி எண் 190 பக்கம் வந்தால் போன் டவரிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி, அதாவது கீழே ஊரில். எண் 20 என்றால் ஒன்றரை கிலோமீட்டர், அதாவது மேலே. இந்தப் பதிவு பொதுவாக நீண்ட நாள் தங்காது. கேட்கத் தாமதித்தால் போச்சு.

நாகலூர் போன்ற உள்பள்ளத்தில் அந்த ஓர டவர் தெரியாது. அங்கே கிடைப்பது ஒன்றிரண்டு செக்டர்தான் (டவரின் ஒரு திசைப் பகுதி). உங்களுக்கு அது சாதகம், தேடல் பரப்பு சுருங்கும்.

---

அஸ்தம்பட்டி வாசகி

எல்லை, பதவி, பெனிஃபிஷியரி மூன்றையும் மாற்றிவிடுகிறேன், நன்றி. எஸ்.ஐ. உழைப்பு, இன்ஸ்பெக்டர் கையெழுத்து என்பதைத்தான் எடுக்கப்போகிறேன். பங்களாவில் சிம் பாக்ஸ் இருப்பதாக எழுதியிருக்கிறேன். அது சரிதானா? சோதனைக் காட்சிக்கு வரிசை சொல்லுங்கள்.

---

ஹெக்ஸ்_டம்ப்

சோதனைக் காட்சி.

போகிற வழி முதலில். அடிவாரத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. இரவில் மேலே வருகிற வண்டி விளக்கு வளைவுக்கு வளைவு தெரியும். குப்பனூர் வழி தனி. இரண்டு வழியாகவும் ஆள் போகட்டும், போலீஸ் ஜீப் வேண்டாம். சாட்சிக்கு வி.ஏ.ஓ.வும் உதவியாளரும் கூடவே. மகஜரில் (சாட்சிகள் முன்னால் எழுதும் கைப்பற்றுதல் பத்திரம்) அவர்கள் கையெழுத்து வேண்டும்.

மின்சாரத்தை வெளியே துண்டிக்கும் எண்ணமே வேண்டாம். சினிமாவில் நன்றாக இருக்கும், வழக்கு செத்துவிடும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் டிஸ்க் திறந்திருக்கும், அதன் மறைகுறிச் சாவி ராமில் (அணைந்தால் அழிந்துவிடும் நினைவகம்) இருக்கும். அணைந்தால் எல்லாம் பூட்டு. உள்ளே போனதும் முதல் ஐந்து நொடியில் செய்யவேண்டியது ஒன்றே: கீபோர்டு பக்கத்தில் இருக்கும் ஆளைத் தள்ளி நிறுத்துவது. அடுத்து, திரை பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. சுட்டியைத் தானாக நகர்த்தும் சிறு யு.எஸ்.பி. கருவி இதற்கென்றே கிடைக்கிறது. பிறகு திரையைப் படமெடுப்பது, கைக்கடிகார நேரமும் கணினி நேரமும் ஒரே படத்தில் வருமாறு. கணினி நேரம் ஏழு நிமிடம் பிந்தியிருந்தால் அதை மகஜரில் எழுதியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பதிவும் ஏழு நிமிடம் பொய். பிறகு ராம் நகல். அதற்குப் பிறகுதான் டிஸ்க்.

டிஸ்க் நகலுக்கு எவ்வளவு நேரம் என்பதை எழுத்தாளர்கள் கணக்கில் எடுப்பதில்லை. 2 டி.பி. டிஸ்க், நொடிக்கு 150 எம்.பி. வேகம் என்றால் 3 மணி 40 நிமிடம் சொச்சம். ஹாஷ் சரிபார்ப்பு தனி. ஐந்து டிஸ்க் இருந்தால் விடிந்துவிடும். குளிரில், பங்களா வராந்தாவில், வீடியோ ஓடிக்கொண்டிருக்க, எல்லோரும் காத்திருக்கிறார்கள். கைது செய்யப்பட்டவனும் எஸ்.ஐ.யும் பேசிக்கொள்ள இயல்பாகக் கிடைக்கும் நேரம் இது. எஸ்.எஸ்.டி. என்றால் ஒரு சிக்கல்: எழுதுவதைத் தடுக்கும் கருவி போட்டாலும், உள்ளே இருக்கும் கட்டுப்படுத்தி அழித்த பகுதிகளைத் தானே சுத்தம் செய்யும். இரண்டாம் முறை ஹாஷ் எடுத்தால் மாறலாம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். ஆகவே சம்பவ இடத்திலேயே ஷா-256 ஹாஷ் எடுத்து, சாட்சிகள் முன்னால் மகஜரில் எழுதிவிடவேண்டும்.

போன்கள்தான் உண்மையான கெடு. ஒருமுறையாவது திறந்து பிறகு பூட்டிய போனில் சாவிகள் நினைவகத்தில் இருக்கும், கருவி வைத்து எடுக்க வாய்ப்பு உண்டு. மறுதொடக்கம் ஆகிவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு. ஐ.ஓ.எஸ். 18.1-லிருந்து ஐபோன் 72 மணி நேரம் திறக்கப்படாமல் இருந்தால் தானாகவே மறுதொடக்கம் ஆகும். ஆண்ட்ராய்டுக்கும் 2025-ல் மூன்று நாள் கணக்கில் இது வந்தது. வெள்ளி இரவு 8 மணிக்குக் கைப்பற்றினால் திங்கள் இரவு 8 மணிக்குக் கதவு மூடும். நடுவில் சனி, ஞாயிறு. நீதிமன்றத்தில் ஒப்படைத்து, கடிதம் வாங்கி, தடய ஆய்வகத்துக்குப் போகவேண்டும். 2037-ல் 72 என்பது 12 மணி நேரமாகச் சுருங்கியதாக வைத்தால் மலையிறங்கும் பயணமே துரத்தல் காட்சி ஆகும்.

சிக்னல் தடுக்கும் பையில் போடும்போது ஒரு விஷயம். பைக்குள் போன் டவர் தேடித்தேடி பேட்டரியைத் தின்னும். சார்ஜ் தீர்ந்து அணைந்தால் அதுவும் மறுதொடக்கம்தான். பவர் பேங்க்கை இணைத்து இரண்டையும் சேர்த்தே பைக்குள் போடவேண்டும், ஒயர் வெளியே வரக்கூடாது. வந்தால் அந்த ஒயரே ஆன்டெனா.

---

நாளைய_பக்கம்

சிம் பாக்ஸ் 2037-ல் வேண்டாம் என்பது என் கருத்து. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் அழைப்பை உள்ளூர் சிம் எண்ணாக மாற்றிக் காட்டுவதுதான் அதன் வேலை. மாட்டிக்கொள்ளும் அடையாளங்கள் இன்றைக்கே எல்லோருக்கும் தெரியும்: வெளியே போகும் அழைப்பு மட்டும், உள்ளே வருவது இல்லை. டஜன் கணக்கில் சிம், எல்லாம் ஒரே செல், ஒரு மீட்டர் நகர்வு கிடையாது. மழை பெய்யும் ஜூலை செவ்வாய்க்கிழமையில் நாகலூர் செக்டரில் மணிக்கு இருநூறு அழைப்பு போனால் பளிச்சென்று தெரியும். (அதையே மே மாதம் கோடை விழா நாட்களில் ஓட்டினால் கூட்டத்தில் கரையும். கும்பலின் காலண்டரை அப்படிப் போடுங்கள்.) உங்கள் மோசடி வீடியோ அழைப்பு, சிம் பாக்ஸுக்கு அதில் வேலையே இல்லை.

பங்களாவில் இருக்கவேண்டியது கணிப்பு இயந்திரங்கள். முகத்தையும் குரலையும் நேரலையில் செய்ய கிராஃபிக்ஸ் அட்டைகள் வேண்டும். வாடகை மேகக் கணினியில் ஓட்டினால் நிறுவனம் பதிவு வைத்திருக்கும், அதனால் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். ஏன் மலையில்? குளிர். ஏ.சி. செலவு மிச்சம். ஆனால் மின்சாரம் காட்டிக்கொடுக்கும். இன்றைய உயர்ரக அட்டை ஒன்று 450 முதல் 575 வாட் இழுக்கிறது. நாலு அட்டை, மற்றவை எல்லாம் சேர்த்து 3 கிலோவாட். இரவு பகல் ஓடினால் மாதம் 2,160 யூனிட். ஸ்மார்ட் மீட்டர் அரைமணிக்கு ஒருமுறை எழுதும் பதிவில் மனிதர் வாழும் வீடு மேடு பள்ளமாக இருக்கும்: காலையில் மோட்டார், மாலையில் விளக்கு. இது கோடு போட்டதுபோல் நேராக ஓடும். காபிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உலர்த்தும் வேலை, ஆள் நடமாட்டம் என்று சாக்குச் சொல்லலாம். ஜூனில் ஆளில்லாத பங்களாவில் 2,160 யூனிட்டுக்கு என்ன பதில்? ஒரு கும்பல் காபி உலர்த்தும் இயந்திரம் என்று பெயர் எழுதிய இணைப்பில் ஓட்டினால் சாமர்த்தியம்.

2037-ல் ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றும் காட்சி வைத்தால் வாசகர் சிரிப்பார். 2026 ஏப்ரல் முதலே ரிசர்வ் வங்கி எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. அல்லாத இரண்டாம் உறுதிப்பாட்டுக்கு வழி திறந்துவிட்டது. பதினொரு வருடம் கழித்து உண்மையான அழைப்புகள் கருவியின் கையொப்பத்தோடு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் வியாபாரி ஏமாந்ததற்கு ஒரே விளக்கம்: அழைப்பில் கையொப்பம் சரியாக இருந்தது. அதாவது மகனின் போன் அவர்கள் கையில் இருந்தது, அல்லது மகனே உடந்தை. வீட்டுக்குள்ளேயே சந்தேகம் வந்துவிடும், அப்பா புகாரைத் திரும்பப் பெற நினைப்பார். என்னைக் கேட்டால் நாவலின் இதயம் அங்கேதான் இருக்கிறது.

குவாண்டம் கணினியைக் கொண்டுவருவதாக இருந்தால் எதைத் திறக்கும், எதைத் திறக்காது என்பதில் கவனம். 2027-ல் கைப்பற்றி மால்கானாவில் (வழக்குப் பொருள் அறை) கிடக்கும், ஏ.இ.எஸ்.-256 முறையில் பூட்டிய டிஸ்க்கை 2037 குவாண்டம் கணினி திறந்தது என்று எழுதாதீர்கள், அந்த வகைப் பூட்டுக்கு அது பெரிய ஆபத்து இல்லை. ஆனால் 2027-ல் யாரோ பதிவு செய்து வைத்த இணையப் போக்குவரத்து, பழைய முறையில் சாவி பரிமாறியதாக இருந்தால், திறக்கலாம். 2024 ஆகஸ்டில், குவாண்டம் கணினியைத் தாங்கும் சாவிப் பரிமாற்றத்துக்குப் புதிய தரம் எம்.எல்.-கெம் வந்துவிட்டது. அதற்கு மாறாதவர்கள்தான் மாட்டுவார்கள்.

இன்னொரு கேள்வி மகஜருக்கு. கும்பலில் மனிதரே இல்லை, ஒருவன் ஏவிவிட்ட மென்பொருள் முகவரே ஆள் தேர்ந்தெடுத்து, பேசி, பணத்தைப் பிரித்து அனுப்பியது என்றால் 66டி யார்மேல்?

---

மகஜர்

ஏவியவன்மேல். பி.என்.எஸ். சொல்லும் 'நபர்' என்பதில் கம்பெனி, சங்கம் எல்லாம் வரும். மென்பொருள் வராது. ஆகவே வழக்கு அவனுக்கு நோக்கம் இருந்ததா என்பதில் நிற்கும். 'விற்பனைக்கு ஆள் பிடி என்றுதான் சொன்னேன், அது தானாக ஆள்மாறாட்டம் செய்தது' என்பான். அதை உடைக்க அவன் கொடுத்த ஆரம்ப உத்தரவு, நடுவில் வந்த எச்சரிக்கைகளை அவன் பார்த்தானா, பார்த்தபிறகும் ஓட விட்டானா என்ற பதிவுகள் வேண்டும். அவை ராமிலும் டிஸ்க்கிலும் இருக்கும். ஹெக்ஸ் சொன்ன அந்த முதல் ஐந்து நொடி அதனால்தான் வழக்கின் உயிர்.

---

அஸ்தம்பட்டி வாசகி

நேர மண்டலத் தவறால் தப்பான ஆளைப் பிடிக்கும் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். கைதானவர் எஸ்டேட்டுக்கு மிளகு வாங்க வரும் கமிஷன் வியாபாரி. தவறு எப்படி வெளியே வரும்? அதற்குப் பிறகு அவர் போனுக்கும் கணக்குக்கும் என்ன ஆகும்?

---

பாக்கெட்_443

நொடிகளை வைத்து வெளியே வரும். தொலைத்தொடர்பு நிறுவனம் கொடுத்த ஐ.பி.டி.ஆரில் (இணைய இணைப்புப் பதிவில்) அவருடைய இணைப்பு எந்தச் சர்வரோடு, எத்தனை பைட் பேசியது என்று இருக்கும். மோசடி அழைப்பு 11 நிமிட வீடியோ என்றால் பல பத்து எம்.பி. போயிருக்கவேண்டும். அவர் கணக்கில் அந்த நேரத்தில் சில கே.பி. மட்டும் இருந்தால், அது பாக்கெட்டில் சும்மா கிடந்த போன். எஸ்.ஐ. முதலில் இதைப் பார்த்துச் சந்தேகப்படட்டும். பிறகு செயலி நிறுவனத்தின் மூலக் கோப்பைத் திறந்து பார்க்கட்டும். அட்டவணை மென்பொருளில் திறந்து சேமிக்கும்போது யு.டி.சி. என்ற குறி உதிர்ந்துபோய், ஸ்டேஷன் ரைட்டர் அதை இந்திய நேரமாகவே தட்டச்சு செய்திருப்பார். மூலக் கோப்பில் ஹாஷ் எடுத்து வைத்திருந்தால் எது முதல், எது மாறியது என்று காட்ட முடியும். சரியான நேரத்தோடு இரண்டாவது கடிதம் அனுப்பினால் வேறு சந்தாதாரர் வருவார். அந்தக் கடிதத்துக்கும் இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேண்டும். முதல் கடிதமும் அவர் கையெழுத்தில் போனதுதான்.

---

லீன்_மார்க்

கணக்கு முடக்கம் தானாக விலகாது. விசாரணை அதிகாரி வங்கிக்கு எழுதவேண்டும், அல்லது பி.என்.எஸ்.எஸ். 503-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடவேண்டும். போன் வழக்குச் சொத்தாகப் பதிவாகியிருந்தால் அதற்கும் மனு. மிளகு சீசன் நடக்கும்போது கையிருப்புப் பணமும் இல்லை, போனில் இருந்த எஸ்டேட்காரர்கள் எண்களும் இல்லை என்ற நிலையில் அவர் இருப்பார். வங்கிக்குப் போகும் கடிதத்தில் டிக்கெட் எண்ணையும், லீன் போட்ட தொகையையும், எந்த அடுக்கில் போடப்பட்டது என்பதையும் குறிக்கவில்லை என்றால், வங்கி விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பும், இன்னொரு வாரம் போகும். ஆத்தூர் மில்காரருக்கும் இதே கடிதம்தான் தேவை. இரண்டு பேரையும் ஒரே காலையில் ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார வைக்கலாம்.